கம்பியா, நரம்பா

உறைக்குள் இருப்பது கிட்டார்தானே, சார்? ஒன்று கேட்கலாமா? கம்பியா, நரம்பா?

பயப்படாதீர்கள். எஃகு போட்டதா, நைலான் போட்டதா என்றுதான் கேட்டேன். எஃகா? நல்லது. அப்படியானால் நீங்கள் தாராளமாகக் கம்பி என்று சொல்லலாம். தமிழில் கம்பி என்றால் உலோகம். சன்னல் கம்பி, முள்கம்பி, மின்கம்பி. கம்பி மத்தாப்புக்குள்ளும் கம்பிதான் இருக்கிறது. யாழில் கட்டினார்களே, அது நரம்பு. ஒரு கருவியில் கட்டியிருப்பது கம்பியா நரம்பா என்பது சும்மா அகராதிச் சண்டை இல்லை, சார். குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ரயில் பொள்ளாச்சி போகிற வரைக்கும் நேரம் இருக்கிறது. நீங்கள் கோயம்புத்தூரா? சரி.

நான் மதுரையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். பள்ளிக்கூடப் புத்தகங்கள், கல்யாணப் பத்திரிகை, சமயத்தில் கவிதை. கவிதையில்தான் பிழை அதிகம். கேட்டால் வேண்டுமென்றே செய்தது என்பார்கள். அதனால்தான் நான் பேசுவதும் எழுதியதைப் படிப்பதுபோல இருக்கிறது. ஜெசிந்தா சொல்வாள், "வீட்டுலயாவது முற்றுப்புள்ளி வைக்காமப் பேசுங்களேன்" என்று. ஜெசிந்தா என் மனைவி. அவளைப் பார்க்கத்தான் போகிறேன். பெண்கள் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்தாள். "உன் பெயரின் முதல் எழுத்தே கிரந்தம். இருந்தாலும் கட்டிக்கொள்கிறேன்" என்று பெண் பார்க்கப் போன அன்றே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்திருப்பாள், தலை குனிந்திருந்ததால் தெரியவில்லை.

இதோ இந்தப் பெட்டியைப் பாருங்கள். நீங்கள் மேடையில் வாசிக்கிறவர். விரல் நுனி காய்த்திருப்பதைப் பார்த்தாலே தெரிகிறது. சரியாக வாங்கியிருக்கிறேனா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். இது பிக்கப். பிரிட்ஜ் என்பார்களே, அந்தப் பாலத்தின் மேல் வெள்ளையாக எலும்பு மாதிரி ஒரு துண்டு இருக்குமே, அதற்கு அடியில் வைக்கிற பட்டை. அழுத்தத்தை மின்சாரமாக மாற்றும். இது பிரீஆம்ப். பட்டையிலிருந்து வருவது நோஞ்சான் சத்தம். அதற்குத் தெம்பு கொடுத்து, பெரிய ஆம்ப்ளிஃபயரிடம் கைப்பிடித்துக் கொண்டுபோய் விடுவது இதன் வேலை. ஒன்பது வோல்ட் பேட்டரி. சத்தத்தின் அடி, நடு, உச்சி மூன்றுக்கும் தனித்தனிக் குமிழ். நைலானுக்கு இதுதான் சரி, இல்லையா? தலையாட்டுகிறீர்கள். சந்தோஷம். போன தடவை எனக்குத் தலையாட்டி உறுதி சொல்ல ஆள் இல்லாமல் போனது.

போன வருடம் அவள் பள்ளியில் ஆண்டு விழா. வழக்கமாகப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் பாடச் சொல்வாள், ஓரத்தில் நின்று கிட்டாரைத் தட்டுவாள். அந்த வருடம் தலைமையாசிரியை, "டீச்சர், நீங்க தனியா ஒண்ணு வாசிங்களேன்" என்றிருக்கிறார். இவளே கட்டி வைத்திருந்த மெட்டு ஒன்று இருந்ததாம். எத்தனையோ வருடமாகக் கட்டியதாம். எனக்குத் தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்? நான் வீட்டில் மெய்ப்புப் பார்க்கிற நேரத்தில்தான் அவள் வாசிப்பாள். கதவைச் சாத்திக்கொள் என்பேன். சாத்திக்கொள்வாள். அந்த விஷயத்தில் குறை சொல்லவே முடியாது.

ஒருநாள் வந்து பக்கத்தில் நின்றாள். "என்னங்க, அவ்ளோ பெரிய ஹால்ல கிட்டார் கேக்காது. பிக்கப்புனு ஏதோ மாட்டணுமாம். நீங்கதான் எல்லாத்தையும் படிப்பீங்களே. எது வாங்கலாம்னு பாத்துச் சொல்லுங்க."

சார், கல்யாணம் ஆனதிலிருந்து அவள் என்னிடம் எது நல்லது என்று கேட்டது அதுதான் முதல் தடவை. மற்ற எல்லாம் நான் கேட்காமலே சொன்னது. என் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? அந்தக் கோடை முழுக்க அதுதான். கைப்பேசியில் படித்தேன், கடைகடையாக ஏறி இறங்கினேன். அடிப்பட்டை வகை, உட்புறம் ஒட்டுகிற வகை, காந்த வகை, உள்ளேயே குட்டி மைக் வைக்கிற வகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு நல்லது, ஒரு கெட்டது. அடிப்பட்டை மலிவு, ஆனால் பிரீஆம்ப் மட்டமாக இருந்தால் தகர டப்பாவில் வாசிப்பதுபோலப் பல் கூசும். மைக்தான் உண்மையான சத்தம், ஆனால் ஸ்பீக்கர் பக்கத்தில் போனால் கூவும். உள்ளே போன சத்தமே வெளியே வந்து, வெளியே வந்தது மறுபடி உள்ளே போய், அதையே கேட்டுக் கேட்டு அதுவே கத்த ஆரம்பித்துவிடும். தான் பேசுவதைத் தானே கேட்டுக்கொண்டிருந்தால் அப்படித்தான். நிறையப் பேரைப் பார்த்திருக்கிறேன்.

பிக்கப்புக்குத் தமிழ் தேடினேன். ஒலியைப் பொறுக்கி எடுப்பது, ஆகவே ஒலிப்பொறுக்கி. சாப்பிடும்போது சொன்னேன். கையில் சோற்றோடு அப்படியே என்னைப் பார்த்தாள். "அப்ப என் கிட்டாருக்குள்ள ஒரு பொறுக்கியக் குடி வைக்கப் போறீங்க!" என்று சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. புரையேறி, தலையில் தட்டி, மறுபடி சிரித்தாள். நானும் சிரித்தேன். மறுநாள் காலையில் பல் தேய்க்கும்போதும் குளியலறையில் இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அந்தக் கோடையில் எங்கள் வீடு நன்றாக இருந்தது, சார்.

அவள் போட்டது ஒரே நிபந்தனை. "ஓட்டை மட்டும் போடக் கூடாது." மற்றபடி எல்லாம் உங்கள் இஷ்டம் என்றாள். நடுவில் ஒருநாள், "ஒரு தடவை வாசிக்கிறேன், உக்காந்து கேளுங்க. அப்புறம் முடிவு பண்ணுங்களேன்" என்றாள். நியாயமான யோசனை இல்லை அது. எந்தச் சத்தத்தைப் பெருக்குவது என்று தெரியாமல் கேட்டு என்ன செய்வது? முதலில் கருவி முடிவாகட்டும், பிறகு அந்தக் கருவி வழியாகவே கேட்கிறேன், அதுதான் முழுமையாக இருக்கும் என்றேன். சரி என்று போய்விட்டாள். அப்புறமும் ஒரு தடவை கேட்டாள் என்று நினைக்கிறேன். ஒரு வினாத்தாள் மெய்ப்பு அவசரத்தில் இருந்தேன்.

இப்போது கவனியுங்கள். கிட்டத்தட்ட முடிவுக்கு வந்த நேரத்தில், எதையும் உறுதி செய்துகொள்கிற பழக்கம் உள்ளவன் என்பதால், அவளிடம் நேரடியாகவே கேட்டேன். "ஜெசிந்தா, உன் கிட்டாரில் இருப்பது கம்பியா, நரம்பா?" உங்களிடம் கேட்டேனே, அதே கேள்வி. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எதைச் சொன்னா விடுவீங்களோ, அதுதான்" என்றாள்.

அவளுக்கு நான் இலக்கணம் கேட்கிறேன் என்று எண்ணம். நான் கேட்டது பொருளை, சார். பொருளை! அவளோ எப்போதும் "கம்பி மாத்தணும்", "கம்பி தளர்ந்துருச்சு" என்றுதான் சொல்வாள். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நரம்பு என்று சொன்னதில்லை. கம்பி என்றால் உலோகம். உலோகம் என்றால் காந்தம் பிடிக்கும். காந்தப் பிக்கப்புக்கு ஓட்டை போட வேண்டாம். கிட்டாரின் வட்ட வாயில் குறுக்காக வைத்துத் திருகினால் போதும். கூவாது. ஆக, காந்தம். எங்கே தப்பு, சொல்லுங்கள்? நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். இருங்கள்.

பார்சல் விழா நாளன்று மத்தியானம்தான் வந்தது. நேராக ஹாலுக்கு எடுத்துப் போனேன். அவள் பிள்ளைகளுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். கிட்டார் மேடைக்குப் பின்னால் மேசைமேல் இருந்தது. நானே மாட்டினேன். அப்போதும் பார்த்தேன், சார், பார்க்காமல் இல்லை. ஆறில் தடித்த மூன்றும் பளபளவென்று வெள்ளி. மெல்லிய மூன்றும் பளிங்கு மாதிரி. மெல்லியது மினுங்குகிறது, நல்ல பாலிஷ் போல என்று நினைத்தேன். நைலானுக்கு மேல் வெள்ளி முலாம் பூசிய செப்புச் சுற்று சுற்றி விற்பார்கள் என்றும், செம்பைக் காந்தம் சீந்தாது என்றும் எனக்கு அன்றைக்கு யார் சொன்னார்கள்? ஒயரைச் சொருகி, பிக்கப்பின் மேல் விரலால் தட்டினேன். ஸ்பீக்கரில் டொக், டொக் என்றது. சவுண்டு போட வந்த தாஸ் என்பவர், "ஓகே சார், வருது" என்றார். வந்தது, இல்லையா? இரண்டு சாட்சி இருக்கிறது.

சிறப்பு விருந்தினர் சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று நிகழ்ச்சியை முன்னால் இழுத்துவிட்டார்கள். அவள் வந்தாள். ஊதாப் பட்டு. நாற்காலியில் உட்கார்ந்து, கிட்டாரில் புதிதாக இருந்ததைப் பார்த்தாள். பார்த்துவிட்டு ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் ஆகட்டும் என்று கையைக் காட்டினேன்.

வாசித்தாள். விரல் ஓடுகிறது. சத்தம் இல்லை.

ஆயிரம் பேர் உட்கார்ந்த ஹால். மின்விசிறிச் சத்தம். பின்வரிசையில் ஒரு பெண்பிள்ளை, "டீச்சர், கேக்கலை!" என்று கத்தினாள். தாஸ் சத்தத்தை ஏற்றினார். உஸ் என்ற இரைச்சல்தான் ஏறியது. "ஜாக்கு சரியில்ல சார்" என்றார். "ஜாக் சரியாகத்தான் இருக்கிறது" என்றேன். "அப்ப பேட்டரி." "இந்த வகைக்குப் பேட்டரியே கிடையாது." "சரி விடுங்க, ஒரு மைக்க முன்னாடி வச்சுர்றேன்" என்று ஸ்டாண்டைத் தூக்கினார். நான் பிடித்துக்கொண்டேன். அந்த இடத்தில் மைக் வைத்தால் கூவும் என்று எனக்குத் தெரியும். ஒரு கோடை முழுக்கப் படித்திருக்கிறேன். "கூவினா கூவிட்டுப் போவுது சார், உள்ளது கேக்குமில்ல" என்கிறார் அவர். "அதெப்படி, அவ்வளவு மெனக்கெட்டு வாங்கியதற்கு" என்கிறேன் நான். ஸ்டாண்டின் ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான். கடைசியில் அவர் பிடுங்கிக்கொண்டு மேடை ஏறினபோது அவள் எழுந்து கும்பிட்டாள். மெட்டு முடிந்துவிட்டது.

நடுவில் நிறுத்தவே இல்லை, சார். முழுக்க வாசித்தாள். தலைமையாசிரியை முதலில் கை தட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். கேட்காத ஒன்றுக்கு அவ்வளவு கைதட்டல் நான் பார்த்ததில்லை.

ஆட்டோவில் போகும்போது அவள்தான் முதலில் பேசினாள். கோபமாக இல்லை. "அது நைலான்ங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அப்படியென்றால் நீ நரம்பு என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும்?"

ரோட்டுப் பக்கம் திரும்பினாள். அப்புறம் மெதுவாக, "மைசூர்பாகுக்குக் கம்பிப் பதம்னு சொல்றோமே. பாகு என்ன இரும்பா?" என்றாள்.

நல்ல கேள்வி. ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அது உவமையாகுபெயர், கம்பி போல நீளுவதால் வந்தது, இதற்குப் பொருந்தாது என்று விளக்கினேன். வீடு வரும்வரைக்கும் விளக்கினேன். ஆட்டோக்காரர்கூடத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கேட்டார். இவள் ஒன்றும் பேசவில்லை. புரிந்துகொண்டாள் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் வாசிக்கவில்லை. கதவைச் சாத்த வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. விடுமுறைக்குத் தங்கச்சி வீட்டுக்குப் போகிறேன் என்று கிட்டாரோடு பொள்ளாச்சிக்குப் போனாள். பள்ளி திறந்தது, வரவில்லை. அங்கேயே ஒரு பள்ளியில் சேர்ந்துவிட்டதாகத் தங்கச்சி சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் வாசிக்கிறாளாம். எப்படிக் கேட்கிறது என்றேன். முன்னால் ஒரு மைக் வைத்திருக்கிறார்களாம், பிரசங்கத்துக்கு வைக்கிற அதே மைக். கூவவில்லையா என்றேன். "சில நாள் கூவும் அத்தான். யாரும் கண்டுக்க மாட்டாங்க" என்கிறாள். மனசு கேட்கவில்லை, சார். அவள் வாசிப்புக்குப் பிரசங்க மைக்கா? அதனால்தான் மறுபடி உட்கார்ந்து, முதலிலிருந்து படித்து, நைலானுக்கென்றே இதைத் தேடி எடுத்தேன். ஒயர் வெளியே வர அடியில் சின்னதாக ஓர் ஓட்டை போட வேண்டியிருக்கும். பேசிச் சம்மதிக்க வைத்துவிடலாம். முன்பு அவள் சொன்னது காந்த வகை பற்றிய பேச்சில். அந்த நிபந்தனை இதற்கும் செல்லுமா என்பது விவாதத்துக்குரியது.

பழநி தாண்டிவிட்டோமா? மொட்டைத் தலைகள் எல்லாம் ஏறியபோதே நினைத்தேன்.

வருகிறேன் என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். பதில் வந்தது. குரலில் பேசி அனுப்பியிருந்தாள். கடையில் பில் போட நிற்கும்போது ஒருதடவை கேட்டேன். மூன்றே வாக்கியம், அப்படியே மனசில் நின்றுவிட்டது. "நான் இங்க நல்லா இருக்கேன். நீங்க வர வேண்டாம். உடம்பப் பாத்துக்குங்க."

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். என் தொழிலே மேலோட்டமாகப் பார்க்காமல் இருப்பது. முதல் வாக்கியத்தை விட்டுவிடுங்கள், எல்லோரும் சொல்கிற நலம். மூன்றாவதில் அக்கறை இருக்கிறது. இரண்டாவதுதான் முக்கியம். "வராதீங்க" என்று அவள் சொல்லவில்லை. வராதீங்க என்றால் தடை. "வர வேண்டாம்" என்றால் வர வேண்டிய தேவை இல்லை, அவ்வளவுதான். தேவை இல்லாமல் வருகிறவனுக்கு அதில் தடை ஏதும் இல்லையே? உலகத்தில் விருந்தாளிகள் எல்லோரும் தேவை இல்லாமல் வருகிறவர்கள்தான். கோபம் இருந்தால் வராதீங்க என்றிருப்பாள். இரண்டு சொல்லும் அவளுக்குத் தெரியும். தெரிந்து இதை எடுத்திருக்கிறாள். அந்த இடைவெளியில்தான் டிக்கெட் எடுத்தேன்.

என்ன? குரலையா? நீங்கள் கேட்க வேண்டுமா?

கேளுங்களேன். மறைக்க ஒன்றும் இல்லை. நான் அப்புறம் கேட்கவில்லை, வாசகம் தெரிந்த பிறகு எதற்கு? இதோ. இருங்கள், டீக்காரர் போகட்டும்.

ம்.

கேட்டீர்களா? நான் சொன்ன அதே மூன்று வாக்கியம், ஒரு சொல் மாறவில்லை. நீங்கள் ஏன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள்?

இன்னொரு தடவை வைக்கிறேன். கடையில் கூட்டம், சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது.

"நல்லா இருக்கேன்" என்கிற இடத்தில் ஒரு சிரிப்பு இருக்கிறது, இல்லையா? சின்னதாக. யாரோ பிள்ளைகள் பக்கத்தில் ஏதோ கேட்கிறார்கள், "இரு, வரேன்" என்று அவர்களுக்கும் சொல்லிக்கொண்டே பேசுகிறாள். எழுத்தில் இதெல்லாம் வராது, சார். எழுத்தில் வந்திருந்தால் நான் பார்த்திருப்பேன்.

கோபம் இல்லை என்று நான் சொன்னேனே. சரியாகத்தான் சொல்லியிருக்கிறேன். துளிக்கூட இல்லை. வருத்தமும் இல்லை. "உடம்பப் பாத்துக்குங்க" என்று, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஊருக்குக் கிளம்பினால் வாசலில் நின்று சொல்வாளே, அதே மாதிரி சொல்கிறாள். நன்றாக இருக்கிறாள். உண்மையாகவே நன்றாக இருக்கிறாள்.

கோபம் இருந்திருந்தால் போயிருக்கலாம், இல்லையா, சார்? கோபத்துக்குப் பதில் சொல்லலாம்.

ஆமாம், பொள்ளாச்சிதான். பலகையில் ஒற்று சரியாகப் போட்டிருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கு வழி விடுங்கள், குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். நான் இறங்கவில்லை.